கடப்பாரை கேட்ட பேதி உப்பு

போன வருஷம் சித்திரை கடைசியில் ஆத்தூர்ப் பக்கம் ஓர் உரக்கடையிலிருந்து 40 மூட்டை மக்னீசியம் சல்பேட் திரும்பி வந்தது. சேலத்துக்கு வெளியே சின்னதாக ஒரு யூனிட் போட்டு இதைத் தயாரிப்பவர் என் பெரியம்மா மகன், அண்ணன். நான் கல்லூரியில் வேதியியல் ஆய்வகம் பார்ப்பவன். "தம்பி, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ, கடைக்காரர் கலப்படம்னு சொல்லிட்டாருப்பா" என்று போனில் சொன்னபோது அண்ணனின் குரலே சரியில்லை. கிளம்பிப் போனேன்.

மூட்டையை அவிழ்த்தால் உள்ளே உப்பு இல்லை, கல் இருந்தது. மூட்டையின் உருவத்திலேயே இறுகிப்போன ஒரே பாளம், சாக்கின் தையல் தடம்கூட அதன் மேல் பதிந்திருந்தது. கையால் தட்டினால் நங்கென்று சத்தம் வந்தது, உடைக்கக் கடப்பாரை தேவைப்பட்டது. பாளத்துக்கும் சாக்குக்கும் நடுவே வெள்ளை மாவு மாதிரி ஒரு படலம் தனியாக உதிர்ந்தது. 50 கிலோ என்று அச்சடித்த மூட்டைகளைக் கடைக்காரர் எடை போட்டு வைத்திருந்தார், சராசரியாக 48.6 கிலோ. எடையும் குறைவு, உப்பும் கல், மரவள்ளிக்குத் தெளிக்க வாங்கிய விவசாயி ஒருவர் டிரம்மில் போட்டுக் கலக்கிக் கலக்கி ஓய்ந்து போய்த் திருப்பிக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். கடைக்காரர் கலப்படம் என்று நினைத்ததில் தப்பே இல்லை, அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பார்கள்.

இந்த உப்பை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம். நம் ஊரில் பேதி உப்பு என்று நாட்டு மருந்துக் கடையில் கொடுப்பார்களே, அதுதான் இது. எப்சம் உப்பு என்றும் சொல்வார்கள். இங்கிலாந்தில் லண்டனுக்குத் தெற்கே எப்சம் என்று ஓர் ஊர். 1618 வாக்கில் அங்கே ஒரு விவசாயியின் மாடுகள் எவ்வளவு தாகம் எடுத்தும் ஒரு குட்டைத் தண்ணீரை மட்டும் குடிக்காமல் திரும்பி வந்தனவாம், நாக்கில் வைத்துப் பார்த்தால் ஒரே கசப்பு. அந்தக் கசப்புதான் மக்னீசியம் சல்பேட். நெகேமியா க்ரூ என்ற மருத்துவர் 1695-ல் அந்த உப்பைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். பிறகு எடின்பரோவில் ஜோசப் பிளாக் இதே எப்சம் உப்பிலிருந்து வெள்ளை மக்னீசியாவை (மக்னீசியம் கார்பனேட்) உண்டாக்கி, அதைச் சுட்டுப் பார்த்துத்தான் இன்றைக்கு நாம் கார்பன் டைஆக்சைடு என்கிற வாயுவைப் பிடித்தார். 1808-ல் ஹம்ப்ரி டேவி மக்னீசியம் உலோகத்தையே பிரித்தார். ஒரு மாடு குடிக்காமல் விட்ட தண்ணீரிலிருந்து இவ்வளவு தூரம்.

விவசாயிக்கு இது எதற்கு என்றால், இலையின் பச்சையத்தில் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. மண்ணில் அது பற்றாமல் போனால் செடி பழைய இலையிலிருந்து உருவிக் குருத்துக்குக் கொடுத்துவிடும். அதனால்தான் அடி இலைகள் முதலில் மஞ்சளடிக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதற்குத் தெளிப்பதும் மண்ணில் போடுவதும் இந்த உப்பைத்தான்.

கலப்படமா?

முதலில் அந்தக் குற்றச்சாட்டைத்தான் தீர்த்தாக வேண்டும், மானப் பிரச்சினை அது. உரச் சந்தையில் வழக்கமான கலப்படம் தலைகீழானது. துத்தநாக சல்பேட் விலை அதிகம், அதில் மக்னீசியம் சல்பேட்டைக் கலப்பார்கள். இரண்டும் படிகத்துக்குள் ஏழு மூலக்கூறு நீர் கொண்டவை, ஒரே வடிவப் படிகம், பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் கண்ணுக்குத் தெரியாது. (பிரித்தறிய ஒரு வழி உண்டு: கரைத்துச் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் இரண்டுமே வெள்ளையாகப் படியும், இன்னும் அதிகமாக விட்டால் துத்தநாகப் படிவு கரைந்துவிடும், மக்னீசியப் படிவு அப்படியே நிற்கும்.) மக்னீசியம் சல்பேட்டிலேயே ஒருவர் எதையாவது கலக்க நினைத்தால் சாப்பாட்டு உப்பைக் கலக்கலாம், அல்லது சோடியம் சல்பேட்டை.

ஒரு மூட்டையிலிருந்து இரண்டு மாதிரி எடுத்தேன். ஒன்று பாளத்தின் நடுவயிற்றிலிருந்து, மற்றது சாக்கை ஒட்டியிருந்த வெள்ளை மாவு. சில்வர் நைட்ரேட் விட்டால் லேசான கலங்கல்கூடச் சரியாகத் தெரியவில்லை, ஆக குளோரைடு இல்லை, அதாவது சாப்பாட்டு உப்பு கலக்கவில்லை. கம்பியில் தொட்டுத் தீயில் காட்டினால் சோடியத்தின் அடர்ந்த மஞ்சள் வரவில்லை. கரைசலின் பிஎச் 6.2, அமிலம் மிஞ்சியிருந்தால் இப்படி இருக்காது. தயோசயனேட் விட்டபோது இளஞ்சிவப்பு லேசாக வந்தது, கொஞ்சம் இரும்பு இருக்கிறது, ஆனால் உப்பைக் கல்லாக்கும் அளவில் இல்லை.

அப்புறம் இடிடிஏ டைட்ரேஷன், அதாவது மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு மக்னீசியம் எவ்வளவு என்று அளப்பது. பிஎச் 10-ல் எரியோகுரோம் பிளாக் என்ற நிறங்காட்டியைப் போட்டு, திராட்சை ரசச் சிவப்பு நீலமாக மாறும் வரை. சுத்தமான ஏழு நீர் மக்னீசியம் சல்பேட்டில் மக்னீசியம் 9.86 சதவீதம் இருக்க வேண்டும். பாளத்தின் நடுவில் 9.9 வந்தது. வெள்ளை மாவில் 10.5!

இந்த எண்ணைப் பார்த்ததும்தான் எனக்கு நிம்மதியும் வந்தது, விஷயமும் பிடிபட்டது. கலப்படம் என்றால் மக்னீசியம் குறைய வேண்டும், இங்கே கூடியிருக்கிறது. மக்னீசியம் கூட வேண்டுமானால் அதோடு இருந்த வேறு ஏதோ ஒன்று வெளியே போயிருக்க வேண்டும், அப்படிப் போகக்கூடியது இந்த உப்பில் ஒன்றே ஒன்றுதான்.

பாதிக்கு மேல் தண்ணீர்

மக்னீசியம் சல்பேட் ஒரு மூலக்கூறு, கூடவே ஏழு மூலக்கூறு நீர், இதுதான் நாம் கையில் வாங்கும் உப்பு. கிராம் கணக்கில் 246.5-ல் உப்பு 120.4, மீதி அத்தனையும் தண்ணீர். அதாவது 51 சதவீதம். காய்ந்து, பளபளவென்று, விரலில் ஈரமே ஒட்டாமல் இருக்கிற ஒரு பொருளில் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பது நான் பிள்ளைகளுக்கு எத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்தாலும் எனக்கே ஒவ்வொரு தடவையும் ஆச்சரியமாக இருக்கும் செய்தி.

இந்தத் தண்ணீர் நிலையாக உட்காருவதில்லை. சுமார் 48 டிகிரி செல்சியஸ் வரை ஏழு. அதைத் தாண்டினால் கரைசலில் நிலைப்பது ஆறு நீர் உப்பு. 68 டிகிரிக்கு அருகில் ஒரே நீர் கொண்ட வகை, ஜெர்மனியில் சுரங்கத்திலேயே கிடைக்கும் கீசரைட் அதுதான். 250 டிகிரிக்கு மேல் எல்லா நீரும் போய், ஆய்வகத்தில் ஈரம் உறிஞ்சப் பயன்படுத்தும் நீரற்ற தூள். எதிர்ப்பக்கம் போனால், 2 டிகிரிக்குக் கீழே பதினொரு நீர் கொண்ட வகை. செவ்வாயில் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி இறங்கிய மெரிடியானி சமவெளியின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் அந்த மண்ணிலும் மக்னீசியம் சல்பேட் இருக்கிறது. காற்று வறண்டால் சூடு இல்லாமலே ஏழு ஆறாகும். ஈரமும் குளிர்ச்சியும் கிடைத்தால் ஆறு மறுபடி ஏழாகும்.

வாயால் சொல்வதைவிடக் கையில் காட்டுவது எளிது. ஏழு நீர் உப்பை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் விட்டால் சில்லென்று இருக்கும், கரையும்போது சூட்டை உறிஞ்சுகிறது. நீரற்ற தூளில் தண்ணீர் விட்டால் கொதிக்கிற மாதிரி சுடும் (அதைக் கையில் வைத்துப் பார்க்காதீர்கள், கண்ணாடிக் குவளையில் பாருங்கள்). ஒரே உப்பு, நீர் மட்டும்தான் வித்தியாசம்.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். 10 கிராம் எடுத்து மூசையில் (சூட்டைத் தாங்கும் சின்னக் கிண்ணம்) போட்டு மெதுவாகச் சூடேற்றி, கடைசியில் 300 டிகிரிக்குக் கொண்டுபோய், எடை மாறாமல் நிற்கும் வரை வைத்தால் போதும். ஆரம்பத்தில் அவசரப்பட்டால் தன் தண்ணீரிலேயே உருகித் தெறிக்கும், எடை போச்சு. ஆறியதும் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், உலர்த்திக் கலத்தில்தான் ஆற வேண்டும். முழுக்க ஏழு நீர் என்றால் 4.88 கிராம் மிஞ்சும். முழுக்க ஆறு நீர் என்றால் 5.27.

பாளத்தின் நடுவில் 4.90. சாக்கை ஒட்டிய மாவில் 5.21. அதாவது வெளித்தோல் கிட்டத்தட்ட ஆறு நீர் உப்பாகிவிட்டது. தகரக் கொட்டகை, சித்திரை வெயில், உள்ளே பிளாஸ்டிக் உறை இல்லாத வெறும் நெய்த சாக்கு. நீர் ஆவியாகிச் சாக்கின் கண் வழியாக வெளியே போயிருக்கிறது. எடைக் குறைவுக்கும் கணக்குச் சரியாக வந்தது. 50 கிலோவில் ஏழில் ஒரு நீர் முழுக்கப் போனால் 3.65 கிலோ குறையும், குறைந்திருப்பது 1.4 கிலோ, அதிலும் கொஞ்சம் மேலே ஒட்டியிருந்த ஈரமாக இருக்கலாம்.

இதை அண்ணனிடம் சொன்னதும், "அப்ப வெயில்தான் காரணம், சாக்கை மாத்திட்டாப் போதும்" என்றார். நானும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஆனால் வழியெல்லாம் ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது. வெயில் வெளித்தோலை மாவாக்கியது சரி, நடுவயிற்றைக் கல்லாக்கியது யார்? அங்கே வெயிலும் போகவில்லை, நீரும் குறையவில்லை. மாவாக உதிர்ந்த பாகம் இளகித்தான் இருந்தது, இறுகியது ஏழு நீரும் சரியாக இருக்கிற உள்பாகம். சாக்கை மாற்றினால் இது தீராது என்று தோன்றியது. அடுத்த வாரம் மறுபடி போனேன், இந்தத் தடவை கொட்டகைக்குப் போகாமல் நேராகத் தொட்டிக்கு.

தொட்டியில்

சேலத்திலிருந்து ஏற்காடு போகிற வழியில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் சாக் ஹில்ஸ் பகுதியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பெயர்தான் சுண்ணக்கட்டி மலை, அங்கே இருப்பது மேக்னசைட், மக்னீசியம் கார்பனேட். ஊர்க்காரர்களுக்கு வெள்ளைக்கல். டியூனைட் என்கிற கரும்பச்சைப் பாறைக்குள் வலை பின்னியது போல ஓடும் வெள்ளை நரம்புகள். அதைச் சூளையில் இதமாகச் சுட்டால் கரியமில வாயு போய் மக்னீசியம் ஆக்சைடு கிடைக்கும். 700லிருந்து 1000 டிகிரிக்குள் சுட்டது அமிலத்தோடு சுறுசுறுப்பாகச் சேரும். உலைச் செங்கல்லுக்காக 1500 டிகிரிக்கு மேல் சுட்டது அமிலத்தைக் கண்டும் காணாத மாதிரிக் கிடக்கும். இந்த வேறுபாடு புரியாமல் மலிவாகக் கிடைக்கிறதே என்று கடுஞ்சூட்டுத் தூளை வாங்கிப் போட்டு ஏமாந்தவர்கள் உண்டு. அண்ணன் வாங்குவது இளஞ்சூட்டுத் தூள்தான், அதில் அவர் கெட்டிக்காரர்.

தயாரிப்பு முறை எளிதுதான். தூளைத் தண்ணீரில் குழம்பாகக் கலக்கி, அதில் கந்தக அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அடர் அமிலத்துக்குள் தண்ணீரை ஊற்றும் வேலை எந்நாளும் கூடாது. சூடு வெளியேறும், சாதாரணச் சூடு இல்லை, தொட்டி தானாகவே கொதிக்கும். சூளையில் சரியாக வேகாத கல் மிச்சமிருந்தால் நுரைத்துப் பொங்கும். 85 சதவீதம் மக்னீசியம் ஆக்சைடு உள்ள தூள் 100 கிலோ என்றால் அமிலம் சுத்தக் கணக்கில் 207 கிலோ பிடிக்கும், கடைசியில் எல்லாம் கைக்கு வந்தால் ஏழு நீர் உப்பு 520 கிலோ. ஒன்று போட்டால் ஐந்து கிடைக்கிற மாதிரி தெரியும், காரணம் மறுபடி அதே தண்ணீர்தான்.

அமிலம் தீர்ந்ததும் இன்னும் சிறிது தூள் போட்டு பிஎச்சை 6.5 பக்கம் கொண்டுவந்து, ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் கரைந்திருக்கும் இரும்பு முழுதாக ஆக்சிஜனேறிப் பழுப்புச் சேறாக இறங்கும். சுண்ணாம்புச் சத்து இருந்தால் பெரும்பகுதி ஜிப்சமாக அடியில் போகும், மணலும் அங்கேயே. சூடாக இருக்கும்போதே ஃபில்டர் பிரஸ்ஸில் வடிகட்டி, தெளிந்த கரைசலைக் குளிர்தொட்டிக்கு விட்டால் மறுநாள் காலையில் குருணை குருணையாக உப்பு. சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, உலர்த்தி, மூட்டை.

இதில் எங்கே தப்பு என்று ஒரு முழுநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். தொட்டி பார்க்கும் அக்கா பதினைந்து வருஷமாக இதே வேலையில் இருப்பவர். அவரிடம் கேட்டேன், "அக்கா, முன்னெல்லாம் இப்படி இறுகுமா?" என்று. "இல்லீங்க தம்பி, இந்தத் தை மாசத்துக்கு அப்புறந்தான். அப்பத்தான தண்ணியக் கொறைக்கச் சொன்னாரு" என்றார்.

அவ்வளவுதான். அண்ணனைக் கேட்டால், ஆமாம், தையிலிருந்து 100 கிலோ தூளுக்குச் சுமார் 65 லிட்டர் தண்ணீர் குறைத்திருக்கிறார். தப்பான எண்ணத்தில் செய்யவில்லை, ஒரு தொட்டிக்கு வரும் உப்பு கூடுகிறதே என்று செய்திருக்கிறார், கூடவும் செய்தது.

அந்த 65 லிட்டர் என்ன செய்தது என்று பார்ப்போம். முன்பு அவர் கரைசல் எடையில் 33 சதவீதம் மக்னீசியம் சல்பேட்டோடு குளிர்தொட்டிக்குப் போனது. தண்ணீரைக் குறைத்த பின் 36 சதவீதம். இந்த மூன்று சதவீதத்தில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது. 33 சதவீதக் கரைசல் நிறைவடைந்து உப்பை வெளியே தள்ள ஆரம்பிக்கும் வெப்பநிலை கிட்டத்தட்ட 48 டிகிரி. அதற்கு மேலே அது தெளிவாகவே நிற்கும், கீழே இறங்கியதும் ஏழு நீர் உப்பாகப் படியும். 36 சதவீதக் கரைசல் 65 டிகிரியைத் தாண்டியே நிறைவடைந்துவிடுகிறது. ஆக அங்கிருந்து 48 வரை இறங்கும் வழியெல்லாம் படிவது ஆறு நீர் உப்பு. கணக்குப் போட்டால் 100 கிலோ கரைசலுக்குச் சுமார் 15 கிலோ. 48-க்குக் கீழே வந்த பிறகுதான் ஏழு நீர் வகை அதன் மேல் படிய ஆரம்பிக்கிறது.

நிதானமாகக் கலக்கிக்கொண்டே ஆற விட்டால் இந்த ஆறு நீர் உப்பு சுற்றியிருக்கும் கரைசலிலிருந்து ஒரு நீரை எடுத்துக்கொண்டு தானே ஏழாகிவிடும். ஆனால் அண்ணன் தொட்டியில் கலக்கும் கருவி கிடையாது, உப்பு அடியில் தடிமனாக உட்கார்ந்துவிடும், உள்ளே இருப்பதற்குப் புதுக் கரைசல் போய்ச் சேராது. அப்படியே அள்ளி, சுற்றி, மூட்டை கட்டிவிடுகிறார்கள். மாறாத ஆறு நீர் உப்பு மூட்டைக்குள் போகிறது, கூடவே குருணைகளின் மேல் ஒட்டிய கொஞ்சம் தாய்க்கரைசல், அதாவது உப்பு படிந்த பின் மிஞ்சும் கரைசல். அங்கே உட்கார்ந்து ராத்திரி ஆற ஆற, ஆறு நீர் உப்பு அந்த ஈரத்தைக் குடித்து ஏழாகிறது. குடிக்கும்போது புதுப் படிகம் வளர்ந்து பக்கத்துக் குருணையோடு கோத்துக்கொள்கிறது. பாரிஸ் சாந்து தண்ணீரைக் குடித்து இறுகுவதும் இதே வேலைதான், அது கால்சியம் சல்பேட், இது மக்னீசியம் சல்பேட். நடுவயிற்றில் 4.90 வந்ததற்கும், அது கல்லாக இருந்ததற்கும் காரணம் ஒன்றே.

ஊகமாக விடக்கூடாது என்று, சென்ட்ரிஃப்யூஜிலிருந்து இறங்கிய சூட்டோடு ஒரு கைப்பிடி எடுத்து, ஒட்டிய கரைசலை ஸ்பிரிட்டில் சட்டென்று அலசி, காற்றில் காயவைத்துக் கொண்டுவந்து அதே 10 கிராம் சோதனை செய்தேன். 5.06 கிராம் மிஞ்சியது. பிறந்த அன்றைக்கே அந்த உப்பில் நாற்பது சதவீதத்துக்கு மேல் ஆறு நீர் வகை. வெயில் மேல் பழி போட்டது பாதிதான் சரி.

சரிசெய்தது

இரண்டு வழி சொன்னேன். ஒன்று, பழையபடி 33 சதவீதத்துக்கு வருவது. இரண்டு, 36-லேயே இருந்துகொண்டு தொட்டிக்குக் கலக்கும் கருவி போட்டு, 45 டிகிரிக்குக் கீழே மூன்று நான்கு மணி நேரம் சுழலவிட்டு, ஏழாக மாறிய பிறகு இறக்குவது. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது, இப்போதும் அதுதான் சரியான வழி என்பேன். கலக்கும்போது குருணையும் ஒரே சீராக வரும். ஆனால் மோட்டார், தண்டு, அமில ஈரத்தைத் தாங்கும் பூச்சு என்று செலவு வருகிறது, மூட்டைகள் திரும்பி வந்த மாதத்தில் அவரிடம் அதற்குப் பணம் இல்லை.

முதல் வழிக்கு அவர் தயங்கியதிலும் நியாயம் இருக்கிறது. 33 சதவீதக் கரைசல் 100 கிலோவை 30 டிகிரிக்கு ஆறவிட்டால் வருவது சுமார் 21 கிலோ உப்பு. 36 சதவீதத்தில் 36 கிலோ. "பதினஞ்சு கிலோ போகுதே தம்பி" என்றார். போகவில்லை அண்ணா, தாய்க்கரைசலிலேயே இருக்கிறது, அடுத்த தடவை தூளைக் கரைக்கத் தண்ணீருக்குப் பதில் அதையே ஊற்றுங்கள், தூளை மட்டும் அதற்கேற்பக் குறைத்துப் போடுங்கள் என்று தாளில் எழுதிக் காட்டினேன். உப்பு வீணாகாது, ஆனால் ஒரு தொட்டி ஒரு நாளில் தருவது குறையும், அதை மறைக்க முடியாது. பிறகு ஐப்பசியில் அவர் இன்னொரு தொட்டி வாங்கித்தான் அதைச் சமாளித்தார்.

தாய்க்கரைசலைத் திருப்பி ஊற்றுவதிலும் ஒரு கவனம் வேண்டும். சோடியம், பொட்டாசியம், மாங்கனீசு என்று படியாமல் நிற்பவை ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்துகொண்டே போகும். டியூனைட் பாறையில் நிக்கல் இருப்பது இயல்பு, அதுவும் இந்த உப்போடு ஒட்டிக்கொண்டு வரக்கூடியது. அதனால் பத்துச் சுற்றுக்கு ஒரு தடவை கொஞ்சம் தாய்க்கரைசலைத் தனியாக எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் சின்னச் சின்ன மாற்றங்கள். கரைசல் 46 டிகிரிக்கு வந்ததும் முந்தைய நாள் நல்ல உப்பு ஒரு படி தூவ வேண்டும், அது விதை மாதிரி நின்று குருணையைத் தன் வடிவத்தில் வளர்க்கும். உலர்த்தும் காற்று 45 டிகிரியைத் தாண்டக்கூடாது, சிமென்ட் தரையில் நடு மத்தியானம் பரப்பவே கூடாது. சூட்டோடு மூட்டை கட்டாமல் ஆறிய பிறகு கட்ட வேண்டும். சாக்குக்குள் பிளாஸ்டிக் உறை, தகரச் சுவரை ஒட்டி அடுக்காமல் ஓரடி இடைவெளி.

முதல் நான்கு தொட்டி நன்றாக வந்தது, ஐந்தாவது மறுபடி இறுகியது. போய்ப் பார்த்தால் தண்ணீர் அளவு சரிதான், அமிலத்தை வழக்கத்தைவிட வேகமாக விட்டிருக்கிறார்கள், தொட்டி அரை மணி நேரத்துக்கு மேல் கொதித்து ஆவியாகவே நிறையத் தண்ணீர் போய்விட்டது. ஊற்றின தண்ணீரை மட்டும் கணக்கில் வைத்தால் இப்படித்தான் ஆகும். அன்றிலிருந்து வடிகட்டிய பிறகு அடர்த்திமானி வைத்துப் பார்த்து, கெட்டியாக இருந்தால் பிரஸ் கழுவிய தண்ணீரை ஊற்றி இளக்கிவிட்டுத்தான் குளிர்தொட்டிக்கு விடுகிறார்கள். அந்தக் கண்ணாடிக் குழாயில் எந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்று அக்கா சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருக்கிறார், இன்றுவரை தப்பவில்லை.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். உரத்துக்குத் தயாரித்த இந்த உப்பைப் பேதிக்கு என்று யாரும் வாயில் போடக்கூடாது. கடையில் "ரெண்டும் ஒண்ணுதானுங்களே" என்று கேட்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். வேதியியல் பெயர் ஒன்றுதான், கூட வருகிற இரும்பும் நிக்கலும் ஒன்றில்லை. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவருக்குச் சுத்தமான பேதி உப்புகூட ஆபத்து, மக்னீசியம் இரத்தத்தில் ஏறினால் மூச்சும் இதயமும் தளர்ந்துவிடும். இதே மக்னீசியம் சல்பேட், கர்ப்பிணிகளுக்கு இரத்தக் கொதிப்பு ஏறி வரும் வலிப்பைத் தடுக்க ஊசியாகப் போகிறது. 33 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்து 2002-ல் வெளியான மேக்பை ஆய்வில் அந்த வலிப்பு வரும் வாய்ப்பை அது பாதிக்கும் கீழே குறைத்தது. அந்த மருந்து வேறு ஆலையில், வேறு சுத்தத்தில், மருத்துவர் அளந்து கொடுப்பது. மரவள்ளிக்கு வாங்கிய மூட்டைக்கும் அதற்கும் நடுவே அந்தத் தூரம் இருக்கட்டும்.

திரும்பி வந்த 40 மூட்டையை என்ன செய்வது என்று அண்ணன் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். கடப்பாரையால் உடைத்து, தண்ணீரில் கரைத்து, மறுபடி வடிகட்டி 33-ல் நிறுத்திப் படியவைத்தோம். கெட்டுப்போக அதில் ஒன்றுமே இல்லை. அதில் வந்த மூட்டைகளில் இரண்டை வேண்டுமென்றே அதே தகரக் கொட்டகையில் வைத்திருந்தோம். மழை முடிந்து கார்த்திகையில் நானே அவிழ்த்தேன். மேலே இரண்டு மூன்று கட்டி, விரலால் நசுக்கினால் உதிர்ந்தது. முழங்கை வரை கையை உள்ளே விட முடிந்தது, குருணை சரசரவென்று விலகியது. எடை 49.9 கிலோ, மூசையில் மிஞ்சியது 4.89. அண்ணன் அந்தத் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆத்தூருக்கு வண்டியைக் கிளப்பினார்.